மூன்று வாசலில் ஒரு பெருமாள்

அம்மாவுக்குப் பெருமாளைப் பார்க்க வேண்டும். எனக்கு ஆற்றைப் பார்க்க வேண்டும். ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிற திருவட்டாறு போனால் இரண்டும் ஆகிவிடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நாகர்கோவிலிலிருந்து காரை எடுத்தேன்.

"முதல்ல கோயிலு. அப்புறம் எங்க வேணும்னாலும் போ மக்களே" என்றாள் அம்மா. நான் கேட்கவில்லை. கோதையாறு மலையிலிருந்து இறங்கி வருகிற வரிசையிலேயே நாமும் இறங்க வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம். பேச்சிப்பாறை, திற்பரப்பு, கடைசியில் திருவட்டாறு. 2022 ஜூலை 6-ஆம் தேதி, 418 ஆண்டுகள் கழித்து அங்கே கும்பாபிஷேகம் நடந்தபோது, கூட்டத்தில் நெருங்க முடியாமல் வெளியிலேயே கும்பிட்டுத் திரும்பியவள் அம்மா. அதை நான் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

குலசேகரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர். பால் வெட்டி முடித்த மரங்களில் சிரட்டைகள் தொங்கின. ஒரு வீட்டு முற்றத்தில் துணி மாதிரி கொடியில் ஷீட் காயப்போட்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாடைக்கு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த வாடை வந்தால்தான் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டோம் என்று தோன்றும்.

பேச்சிப்பாறையில் அதிக நேரம் நிற்கவில்லை. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த அணை. கட்டிய என்ஜினீயர் மிஞ்சின் துரையின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது என்பதால், அம்மா அணையைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டாள்.

திற்பரப்பில் கோதையாறு ஐம்பதடி பாறையிலிருந்து அகலமாக விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லி முடியாது. எண்ணெய், ஷாம்பு, குழந்தைகளின் அழுகை, இதற்கு நடுவில் பத்து நிமிஷம் தலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அருவிக்குப் பக்கத்திலேயே மகாதேவர் கோயில், மேற்கு பார்த்த சன்னிதி. தட்சன் யாகத்தை அழித்த வீரபத்திரர் கோபம் ஆறாமல் இங்கே இருக்கிறார் என்பார்கள். நந்தியும் நேராக இல்லை, ஒதுங்கித்தான் இருக்கிறது. சிவாலய ஓட்டத்தின் 12 கோயில்களில் இது மூன்றாவது. சிவராத்திரிக்குக் காவி கட்டி, கையில் விசிறியோடு சிவன் கோயில்களுக்கு ஓடுகிறவர்கள் வழியெல்லாம் கூப்பிடுவது "கோவிந்தா, கோபாலா" என்றுதான். எங்கள் ஊரில் இதை யாரும் வினோதமாக நினைப்பதில்லை.

துணி மாற்றி, பழம்பொரி தின்று, வழியில் ரோட்டு வேலைக்காக நின்று, திருவட்டாறு போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே கால். நடை சாத்திவிட்டார்கள். இனி சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான்.

அம்மா திட்டவில்லை. "நான் அப்பவே சொன்னேம்லா" என்று மட்டும் சொன்னாள். அதற்குத் திட்டே தேவலை.

ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு மூவாற்றுமுகம் போனோம். பேச்சிப்பாறையிலிருந்து வரும் கோதையாறும் பெருஞ்சாணியிலிருந்து வரும் பரளியாறும் சேருகிற இடம். திருவிழாவில் பெருமாளை நீராட்டுகிற ஆராட்டு நடப்பதும் இங்கேதான். இதற்கப்புறம் ஒரே ஆறாகக் குழித்துறை வழியாகப் போய்த் தேங்காய்ப்பட்டினத்தில் கடலில் விழும். காலை நனைத்ததும் அம்மாவின் கோபம் கொஞ்சம் இறங்கியது. கதை சொன்னாள். கேசன் என்ற அசுரனை அடக்கி அவன் மேல் பெருமாள் படுத்துவிட்டார். அவனுக்கு வேண்டியவள் கேசி அழுது கும்பிட்டு, கங்கையையும் தாமிரபரணியையும் வெள்ளமாக வரவழைத்தாள். பூமாதேவி இடத்தை மேடாக்கிவிட்டாள். முக்க வந்த ஆறுகள் மாலை போலச் சுற்றிக்கொண்டு போயின. வட்டமாக ஆறு போவதால் வட்டாறு.

ஐந்து மணிக்குப் படியேறினோம். பிராகாரம் முழுக்கத் தூண்தோறும் விளக்கேந்திய கற்பாவைகள். ஒருத்தி கொண்டை இடப்பக்கம் சரிந்திருந்தது, அடுத்தவளுக்கு உச்சியில். கையில் ஏந்திய அகல்களில் பழைய எண்ணெய் கறுத்து இறுகியிருந்தது. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக்கல் மண்டபம் ஏறினேன். வெறுங்காலுக்கு அந்தக் கல் அருவித் தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தது.

உள்ளே 22 அடி நீளத்தில் ஆதிகேசவப் பெருமாள். தலை தெற்கே, கால் வடக்கே, பார்வை மேற்கே. 16,008 சாளக்கிராமங்கள் வைத்துக் கடுசர்க்கரை யோகம் என்ற மூலிகைக் கலவையில் செய்த திருமேனி என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. முதல் வாசலில் முகம் தெரிகிறது. கண் இருட்டுக்குப் பழகி, உதடு எது கன்னம் எது என்று பிரிந்து வருவதற்குள் பின்னால் நிற்பவர் நகரச் சொல்கிறார். நடு வாசலில் திருமேனி. அங்கே அம்மா என் காதில், "பாத்தியா, தொப்புள்ல தாமரை இல்ல, பிரம்மா இல்ல. திருவனந்தபுரத்துக்காரருக்குத்தான் அது. இவரு அதுக்கும் மூத்தவரு" என்றாள். மூன்றாவது வாசலில் பாதம். அங்கே போய் நிற்கும்போது முகம் மறந்துபோயிற்று. மறுபடி முதல் வாசலுக்குப் போனேன். முகம் கிடைத்தது, பாதம் போயிற்று. நம்மாழ்வார் 11 பாசுரம் பாடியிருக்கிறார். அவரும் இப்படித்தான் முன்னும் பின்னும் நடந்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியிலும் புரட்டாசியிலும் சில நாட்கள் சாயங்கால வெயில் நேராகப் பெருமாள் மேல் விழும். நாங்கள் போனது அந்த மாதமில்லை, வானமும் மூடியிருந்தது. பூசை செய்கிற போற்றி காட்டிய தீபத்தில் தெரிந்ததுதான். அம்மா மூன்றாவது வாசலைவிட்டு நகரவே இல்லை. போற்றியும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது இலைச்சந்தனத்தை மடியில் வைத்துக்கொண்டு தக்கலை வரை பேசாமல் வந்தாள். அப்புறம் சொன்னாள்: "அடுத்த மட்டம் விடியக்காலம் இங்க வந்துரணும். உன் அணையெல்லாம் அதுக்கப்புறம்."