2¹²⁷ − 1: ஒரு குயர் நோட்டும் கொஞ்சம் கைக்கணக்கும்

170141183460469231731687303715884105727. இதுதான் 2¹²⁷ − 1. இது பகா எண் என்று 1876-இல் பிரான்சைச் சேர்ந்த எடுவார் லூக்கா கைக்கணக்காகவே நிறுவினார், 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது. 39 இலக்கத்தை ஒரு மனிதர் எப்படிச் சமாளித்தார் என்பது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்ததால், அதே வழியில் சின்ன எண்களையாவது போட்டுப் பார்ப்போம் என்று ஒரு குயர் நோட்டோடு உட்கார்ந்தேன்.

நான் எடுத்துக்கொண்டது பின்னால் அமெரிக்கக் கணிதவியலாளர் லெமர் சீராக்கிய வடிவம். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அதையே செய்ய வேண்டும். அடுக்கு 13 என்றால் 11 படி, 127 என்றால் 125 படி. கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

2⁷ − 1, அதாவது 127: 4, 14, 67, 42, 111, 0. ஐந்தே படிதான். அடுத்து 2¹¹ − 1, அதாவது 2047, இது 23 × 89 என்று முன்னமே தெரியும், ஒன்பதாவது படியில் 1736 வந்து நின்றது. பகா எண் இல்லை என்று சொல்கிறதே தவிர காரணி என்ன என்று மூச்சே விடவில்லை. 2⁶⁷ − 1-க்கும் இதே கதைதான்: அது பகா எண் அல்ல என்று லூக்கா 1876-லேயே கண்டார், 193707721 × 761838257287 என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் உடைத்துக் காட்டியது 1903-இல்.

2¹³ − 1, அதாவது 8191-இல்தான் மாட்டிக்கொண்டேன். 11 படி போட்டும் 0 வரவில்லை. தேடினால், 1857-இன் வர்க்கம் 3448449-ஐ 3484449 என்று எழுதியிருக்கிறேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது: தப்பாகப் போட்டு தற்செயலாக 0 வருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம், அதனால் 0 வந்துவிட்டால் கணக்கும் சரி என்று நிம்மதியாக இருக்கலாம். வராவிட்டால் எண்ணின் குணமா நம் கைப்பிசகா என்று எப்படித் தெரியும்? அந்த வகையில் 2¹²⁷ − 1-ஐவிட 2⁶⁷ − 1-க்குத் தீர்ப்புச் சொல்லத்தான் லூக்காவுக்கு அதிகத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாம் தடவை நெடுவகுத்தலையே விட்டுவிட்டேன். 8191 என்பது 8192-க்கு ஒன்று குறைவு, எனவே 37634-இல் நாலு 8192 போக மீதி 4866, அதோடு அந்த நாலைக் கூட்டினால் 4870, முடிந்தது. இருமத்தில், அதாவது 0, 1 மட்டும் வைத்து, எழுதினால் எண்ணை இரண்டாக வெட்டிக் கூட்டுவதுதான் மொத்த வேலையும்.

இந்தத் தடவை கடைசி எண்கள் 36, 1294, 3470, 128, 0. அந்த 128 கண்ணில் பட்டது, 2⁷ ஆயிற்றே! 127-இல் 0-க்கு முன்னால் வந்த 111-உம் 127 − 16 தான். யோசித்தால் காரணம் எளிது: 0-க்கு முந்தைய எண்ணின் வர்க்கம் மீதி 2 தர வேண்டும், 2¹⁴-ஐ 8191-ஆல் வகுத்தாலும் மீதி 2. அப்படியானால் 2¹²⁷ − 1-இல் 124-ஆவது படியில் 2⁶⁴ அல்லது அதைக் கழித்த எண் வர வேண்டும். இதற்கு மட்டும் பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி எழுதி ஓடவிட்டேன், கண்ணிமைக்கும் நேரத்தில் அப்படியே வந்தது.

இப்போது நோட்டில் 2¹⁷ − 1. நாலாவது படியில் 95799. பதினாலாவதில் 512 அல்லது 130559 வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து.