பனிமலைக்கு அந்தாண்ட புதினா வாசம்

ஏலகிரில ஒவ்வொரு வளைவுக்கும் புலவருங்க வள்ளலுங்க பேரு வச்சிருப்பாங்க இல்ல, கபிலர், பாரின்னு, பொன்னேரில திரும்புனதுல இருந்து அந்த 14 பேரையும் சத்தமா படிச்சிக்கினே ஏறுறதுதான் ஸ்கூல் டைம்ல இருந்து எங்க நாலு பேருக்கும் பழக்கம். போன ஜூன்ல அதே நாலு பேரும் ஆஸ்திரியாவுல க்ராஸ்க்ளாக்னர் ரோட்டுல ஏறுனோம். 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு, 1935ல திறந்த ரோடு. டோல் நாப்பது யூரோவுக்கு மேல, ஆனா அந்த மலைய பாத்தப்புறம் காசு கணக்கே யாருக்கும் ஞாபகம் வரல. ம்யூனிக்ல வேல செய்யற குடியாத்தத்துக்காரன் வண்டி ஓட்டுனான், மத்த மூணு பேரும் வளைவு நம்பர எண்ணிக்கினே வந்தோம்.

ஏறுறதுக்கு முன்னாடி கீழ ஒரு கடையில காஸ்நோக்கன். சின்ன சின்ன மாவு உருண்டை, நெறைய சீஸ், மேல பொன்னிறமா வறுத்த வெங்காயம், இரும்பு சட்டியோட அப்படியே டேபிள்ல வச்சிடுறாங்க, எல்லாரும் அதுல இருந்தே எடுத்து சாப்பிடணும். அடியில சீஸ் காந்தி ஒட்டிக்கினு இருக்கும் பாருங்க, அதுதான் ருசியே. பிரியாணி அண்டா அடியில சுரண்டி தின்னு வளந்த ஆம்பூர்க்காரன் கரண்டிய யார்கிட்டயும் குடுக்கல.

மேல போகப்போக மரம் போச்சு, புல்லு போச்சு, ஜூன் மாசத்துல ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்கு பனி. உச்சிய தாண்டி அந்தாண்ட இறங்குனப்புறம் பாஸ்டெர்ட்ஸ பனிப்பாறைய பாக்க ஒரு கிளை ரோடு பிரியுது. 1963ல அந்த பனி ஓரம் வரைக்கும் இறங்க ஒரு கேபிள் ரயில் போட்டாங்களாம், இப்போ அந்த ரயிலோட கீழ் ஸ்டேஷன்ல இருந்து பாத்தா கூட பனி எங்கயோ கீழ கெடக்கு. நடுவுல வெறும் கல்லும் சேறும். யாரும் பேசல. எனக்கு பாலாறுதான் கண்ணு முன்னாடி வந்துது, பாலத்து மேல பஸ்ல போகும்போது எல்லாம் எங்கப்பா "இங்கதான்டா நாங்க நீச்சல் கத்துக்கினோம்"னு மணல காட்டுவாரு. அந்த நெனப்பு மனசுல இருந்து போகவே இல்ல.

நாங்க தாண்டி வந்த அந்த உச்சி பேரு ஹோக்டோர், 2504 மீட்டர், அங்க சின்ன ஒரு சுரங்கம். இந்தாண்ட சால்ஸ்பர்க் மாநிலம், அந்தாண்ட கெர்ன்டன் மாநிலம். அத தாண்டுனா சாப்பாடும் மாறிடுது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ராத்திரி கெர்ன்டன் பக்கம் ஹைலிகன்பிளூட்ன்ற ஊர்ல தங்குன வீட்டு பாட்டி காஸ்நூடல்ன்னு ஒண்ணு செஞ்சாங்க. நூடுல்ஸ் எல்லாம் இல்ல, பாதி நிலா மாதிரி, உள்ள பன்னீர் மாதிரி உதிர்ந்த சீஸும் உருளைக்கிழங்கும், அதோட புதினா! புட்டதும் குப்புன்னு புதினா வாசம், மேல உருக்குன வெண்ணெய். "இன்னாடா இது, நம்ம வூட்டு வாசன வருது"ன்னு வாணியம்பாடிக்காரன் தட்டு மேலயே குனிஞ்சிட்டான். மறுநாள் காலையில கெஞ்சி கேட்டு அவங்க கையால செய்யறத பாத்தோம். மாவ வட்டமா தேச்சு, பூரணம் வச்சு மூடி, கட்டை விரலால ஓரத்த கொஞ்சம் இழுத்து மடிச்சு அமுக்கி, மறுபடி இழுத்து மடிச்சு, கயிறு திரிச்ச மாதிரி ஓரம் வந்துது. தீபாவளிக்கு எங்கம்மா சோமாசிக்கு செய்வாங்களே, அதே கை! இந்த ஓரம் மடிக்க தெரியாத பொண்ணுக்கு மாப்ள கெடைக்க மாட்டான்னு அங்க ஒரு பழமொழி கூட இருக்காம், நம்ம ஃப்ரெண்டு மொழிபெயர்த்து சொன்னான்.

உடனே வேலூருக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா பாட்டியோட விரலையே பாத்துக்கினு இருந்தாங்க, அப்புறம் ஒரே ஒரு கேள்வி, "வேகும்போது பிரியுதா பிரியலியா, கேளுடா." கேட்டேன். பாட்டி தலைய ஆட்டிட்டு, கொதிக்கிற தண்ணில போட்டே காமிச்சாங்க, ஒண்ணு கூட பிரியல.