கென்டக்கி கிராமத்து கவுண்டியில ஸ்கூல் பார்த்த அனுபவம்

வீட்டுக்காரர் டாக்டர், அவருக்கு கான்ராட் 30 வெய்வர்ல (டாக்டர் பற்றாக்குறை இருக்கற ஊர்ல வேலை பார்க்கற வெளிநாட்டு டாக்டருக்கு கொடுக்கற விசா சலுகை) வேலை கிடைச்சது அமெரிக்காவுல கிழக்கு கென்டக்கில, மலைக்குள்ள இருக்கற ஒரு சின்ன கவுண்டில, கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. மூணு வருஷம் அங்கதான் இருந்தாகணும். அதனால "நல்ல ஸ்கூல் இருக்கற ஏரியாவா பார்த்து வீடு எடுங்க"ன்னு சொந்தக்காரங்க சொல்றதெல்லாம் நமக்கு செட் ஆகாது, இருக்கறதுக்குள்ள எது தேவலைன்னு பார்க்கறதுதான். பொண்ணு நாலாங்கிளாஸ், பையன் கிண்டர்கார்டன். இதே மாதிரி வெய்வர்ல வர்ற டாக்டர் குடும்பங்க நிறைய பேர் கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

முதல்ல எல்லாரும் போய் நிக்கறது ஸ்கூலுக்கு மார்க் போடற கிரேட்ஸ்கூல்ஸ் வெப்சைட் ரேட்டிங்ல. பெரிய ஊர்ல அது ஓரளவுக்கு உதவும். இங்க ஒரு கிளாஸுக்கு மொத்தமே முப்பது நாப்பது பிள்ளைங்கதான், அதுல நாலு பேர் டெஸ்ட்டை சொதப்பினா போன வருஷத்து நம்பருக்கும் இந்த வருஷத்து நம்பருக்கும் சம்பந்தமே இருக்காது. நான் அதை மூடி வச்சுட்டு ஸ்டேட்டோட ஸ்கூல் ரிப்போர்ட் கார்டை எடுத்தேன். சிவப்புல இருந்து நீலம் வரைக்கும் அஞ்சு கலர்ல ஸ்கூலுக்கு மார்க் போட்டிருப்பாங்க, நீலம்தான் டாப். ஆனா கலரை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க, உள்ள போனா டீச்சர்ல புதுசா சேர்ந்தவங்க எத்தனை பேர், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு பண்றாங்கன்னு எல்லாம் இருக்கும். எனக்கு முக்கியமா பட்டது டீச்சர் அனுபவம்தான், ஏன்னா இந்த மாதிரி ஊர்ல ஆள் நிக்கறதே கஷ்டம்.

இன்னொரு விஷயம் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. கென்டக்கில 120 கவுண்டி, ஆனா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஒரு ஏரியாவோட அரசு ஸ்கூல்களை நடத்தற அமைப்பு, 171. கவுண்டி டிஸ்ட்ரிக்ட் போக, சில டவுனுக்கு மட்டும் தனியா இண்டிபெண்டண்ட் டிஸ்ட்ரிக்ட்னு ஒண்ணு இருக்கும். எங்க வீடு கவுண்டி பக்கம், கிளினிக் இருக்கறது டவுன்ல, அங்க இண்டிபெண்டண்ட் ஸ்கூல். பேர் கேட்டாலே ஊர்ல எல்லாரும் அதைத்தான் தூக்கி வச்சு பேசுவாங்க. வெளி டிஸ்ட்ரிக்ட் பிள்ளைங்களை சேர்க்கறதுக்கு எல்லா டிஸ்ட்ரிக்ட்டும் ஒரு பாலிசி வச்சிருக்கணும்னு 2021ல சட்டம் வந்துச்சு, அதனால நமக்கும் கேக்கற உரிமை இருக்கு, ஆனா இடம் இருந்தாதான், சில இடத்துல ட்யூஷன் ஃபீஸும் உண்டு, பஸ் பெரும்பாலும் வராது, நாமளே கொண்டு போய் விட்டு கூட்டிட்டு வரணும்.

இந்த பஸ் மேட்டர்தான் கடைசில முடிவு பண்ணுச்சுன்னு சொல்லலாம். கவுண்டி ஸ்கூல்ல டிரான்ஸ்போர்ட் ஆஃபீஸுக்கு ஃபோன் பண்ணி வீட்டு அட்ரஸ் சொல்லி, பஸ் எத்தனை மணிக்கு ஏத்தும், ரூட்ல எத்தனாவது ஸ்டாப்னு கேட்டேன். மேப்ல பதினஞ்சு நிமிஷ தூரம், பஸ்ல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், ஏன்னா ஒவ்வொரு பள்ளத்தாக்கா உள்ள போய் திரும்பி வரும். ஃபோன் எடுத்த அம்மா ரொம்ப பொறுமையா "ஹனி, ரூட்டோட தூரத்து முனைல இருந்து நீங்க ரெண்டாவது வீடு, காலைல சீக்கிரம் ஏறணும், சாயங்காலம் லேட்டா இறங்கணும்"னு சொன்னாங்க. பனி பெஞ்சா எங்க ரோட்டுக்கு பஸ் மேல ஏறாது, கீழ மெயின் ரோட்ல ஒரு சர்ச் முன்னாடி வந்து நிக்குமாம். இதெல்லாம் எந்த ரேட்டிங்ல வரும்?

அடுத்தது கவுன்சில் மினிட்ஸ். இங்க ஸ்கூலுக்கு ஸ்கூல் எஸ்பிடிஎம் கவுன்சில்னு, ஸ்கூல் முடிவுகளை எடுக்கற குழு ஒண்ணு உண்டு, வழக்கமா பிரின்சிபல், மூணு டீச்சர், ரெண்டு பேரண்ட். அவங்க மீட்டிங் மினிட்ஸ் யார் வேணா வாங்கி படிக்கலாம். ஒரு ராத்திரி பசங்க தூங்கினப்புறம் உக்காந்து ரெண்டு ஸ்கூலோடதையும் படிச்சேன், அதுலதான் நிஜ கதை இருக்கு. ஒரு இடத்துல மீட்டிங்குக்கு மீட்டிங் மேத்ஸ் டீச்சர் போஸ்ட் காலி, காலி, காலின்னே ஓடுது. இன்னொரு இடத்துல ஆர்ட் டீச்சர் வாரத்துல ரெண்டு நாள் மட்டும், மீதி நாள் வேற ஸ்கூலுக்கு. வெப்சைட்ல ரெண்டுமே ஜோராத்தான் இருந்துச்சு.

நேர்ல போனப்ப நான் கேட்டது கொஞ்சம்தான். நாலாங்கிளாஸ்ல இருந்துதான் இங்க கிஃப்டட்னு (தனித் திறமை உள்ள பிள்ளைன்னு) முறைப்படி எடுப்பாங்க, அதுக்கு முன்னாடி டேலண்ட் பூல்னு திறமை தெரியற சின்ன பிள்ளைங்க லிஸ்ட் மட்டும்தான், அதனால பொண்ணுக்கு அதை யார் பார்க்கறாங்க, அந்த ஆள் இந்த பில்டிங்ல வாரத்துல எத்தனை நாள் இருப்பாங்கன்னு கேட்டேன். டவுன் ஸ்கூல்ல பதில் சுத்தி வளைச்சு வந்துச்சு. கவுண்டி ஸ்கூல்ல "வியாழக்கிழமை மட்டும்"னு நேரா சொன்னாங்க. கம்மிதான், ஆனா நேரா சொன்னது எனக்கு பிடிச்சிருந்துச்சு. சாப்பாட்டுக்கு அந்த கவுண்டில எல்லா பிள்ளைங்களுக்கும் காலை, மதியம் ரெண்டும் ஃப்ரீ. வெஜ்னா சீஸ் பீட்ஸா, பீனட் பட்டர் சாண்ட்விச் அவ்ளோதான், எங்க வீட்ல தயிர்சாதம் கட்டிக் கொடுத்துடறேன்.

கவுண்டி ஸ்கூல்லயே சேர்த்தோம், காலைல நான் கார்ல விடறேன், சாயங்காலம் பஸ். சேர்க்கும்போது கென்டக்கி ஃபார்ம்லயே இம்யூனைசேஷன் (தடுப்பூசி) சர்டிஃபிகேட் வேணும், வேற ஸ்டேட் பேப்பர் கொடுத்தா மாத்தி வாங்கிட்டு வரச் சொல்வாங்க. பிசிக்கல் எக்ஸாம் ஃபார்ம், கிண்டர்கார்டனுக்கு கண், பல் செக்கப் தனி. கிண்டர்கார்டனுக்கு ஆகஸ்ட் 1க்குள்ள அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், தள்ளிப் போனா டிஸ்ட்ரிக்ட்டோட ஸ்கூல் போர்டுக்கு மனு போடற வழி இருக்கு. வீட்ல என்ன மொழின்னு ஒரு ஃபார்ம்ல கேப்பாங்க, தமிழ்னு எழுதினா பிள்ளைக்கு இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்கன்னு சில பேர் பயமுறுத்தினாங்க. நான் தமிழ்னுதான் எழுதினேன், டெஸ்ட் வச்சாங்க, பாஸ் ஆயாச்சு, அதோட முடிஞ்சது. ஹைஸ்கூல் எதுன்னு இப்பவே யோசிக்கல, அதுக்குள்ள வெய்வர் முடிஞ்சிடும், அப்பவும் இங்கயே இருக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்லிட்டிருக்கார், அது வேற சண்டை.