பெரியப்பாவின் பக்கப்பாட்டு

1.12.2024, ஞாயிறு

இன்று பிராக்டிஸ் இல்லை. நேற்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல் இன்று சேலத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் வாசித்துப் பழகும் கொட்டகைக்குத் தகரக் கூரை. இந்த மழையில் அதன் கீழே உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் டிரம்பெட்கூடக் காதில் விழாது.

சாயந்திரம் எங்கள் பேண்டு மாஸ்டர் போன் செய்தார். பெரியப்பாவுக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் எடுத்துவிட்டார்களாம். கேட்டதும் "அப்போ யூபோனியம்?" என்றுதான் வாயில் வந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன் கண்ணு. நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போ."

பித்தளை வாத்தியம் ஊதுகிறவனுக்குப் பல்தான் சுவர். வாய் வைத்து ஊதும் மவுத்பீஸுக்குள் அதிர்வது உதடு. அந்த உதட்டுக்குப் பின்னால் பல் நின்று தாங்கினால்தான் காற்றை அழுத்திப் பிடிக்க முடியும். செயற்கைப் பல் கட்டினாலும் ஈறு ஆறிய பிறகுதான். அப்புறமும் மவுத்பீஸ் அழுத்தினால் அது ஆடும். பெரியப்பா எங்கள் பேண்டில் இருபத்தாறு வருஷமாக யூபோனியம் வாசிக்கிறார், டிரம்பெட்டை விடப் பெரிய, கீழ் சுருதியில் பேசுகிற பித்தளை வாத்தியம். நான் ஆறு வருஷமாக இரண்டாவது டிரம்பெட்.

2.12.2024, திங்கள்

மழை விட்டபாடில்லை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. 21ஆம் தேதி மேலே ஒரு எஸ்டேட்டில் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம், அதற்குள் சரியாகிவிடும் என்று நம்புகிறேன்.

யூபோனியத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஆட்டோவில் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டு வந்தேன். மடியில் வைத்தால் நாலு கிலோவுக்குப் பக்கம் இருக்கும் போல. குழந்தையை வைத்திருப்பது போலவே இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டிரம்பெட்டின் சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். யூபோனியம் கிட்டத்தட்ட அதில் இரண்டு மடங்கு. குழல் இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். இரண்டிலும் விரல் வைப்பது ஒரே மாதிரிதான்: முதல் வால்வு அமுக்கினால் ஒரு முழு ஸ்வரம் இறங்கும், இரண்டாவது அரை, மூன்றாவது ஒன்றரை. அதனால் விரலுக்குப் புதிதாக எதுவும் சொல்லித் தர வேண்டாம். உதடுதான் புதிதாகப் பழக வேண்டும். டிரம்பெட் மவுத்பீஸ் உள்வட்டம் 16, 17 மில்லிமீட்டர், இது 25. முதல் தடவை ஊதியபோது ஸ்வரமே வரவில்லை, காற்றுதான் போனது. உதட்டைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மெதுவாக, நிறையக் காற்று விட்டதும் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இது நல்லா இருக்குங்க, டிரம்பெட்டை விட" என்றாள்.

5.12.2024, வியாழன்

இன்று பட்டறையில் வேலை குறைவு. யூபோனியத்தின் இரண்டு குழல்களை இணைக்கிற தாங்கு ஒன்று விட்டுப்போயிருந்தது. பெரியப்பா அதைச் சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். எத்தனை வருஷமாகவோ தெரியவில்லை, சணல் கருத்துப்போயிருந்தது.

எங்கள் தொழில் வெள்ளிக் கொலுசு. பற்ற வைப்பது தினசரி வேலை. ஆனால் கொலுசுக்கு வைக்கிற பொடியை இதற்கு வைக்கக் கூடாது. அது உருக 700 டிகிரிக்குப் பக்கம் சூடு வேண்டும். அவ்வளவு சூடு பட்டால் பித்தளை இளகி மெத்தென்று ஆகிவிடும், பக்கத்து இணைப்புகளும் விட்டுப்போகும். வாத்தியத்துக்கு ஈயப்பற்றுதான். 200 டிகிரிக்குள் உருகிவிடும். பழைய அழுக்கைச் சுரண்டி, சுற்றிலும் ஈரத்துணி போர்த்தி, சின்னத் தீயில் வைத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது.

தீயைக் காட்டும்போது அப்பா ஞாபகம் வந்தது. அவர் காலத்தில் கேஸ் டார்ச் கிடையாது. விளக்குச் சுடரை வாயால் ஊதுகுழலில் ஊதித்தான் பற்ற வைப்பார். வாய் நிறையக் காற்றை வைத்துக்கொண்டு, கன்னத்தால் அதைத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுப்பார். சுடர் அசையாது. ஒரு கொலுசு முழுக்க அப்படியே ஒரே ஊதலில் முடிப்பார். அந்த மூச்சு எனக்கு வரவில்லை. இந்த வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

8.12.2024, ஞாயிறு

பிராக்டிஸ். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் வந்தோம். மூன்று டிரம்பெட், இரண்டு கிளாரினெட், ஒரு சாக்ஸபோன், ஒரு டிராம்போன், நான், மற்றவர்கள் டிரம், ஜால்ரா.

நோட்டு கேட்டேன். மாஸ்டர் போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். டிரம்பெட் நோட்டு, கிளாரினெட் நோட்டு, டிராம்போன் நோட்டு எல்லாம் இருந்தன. யூபோனியம் என்று அட்டையில் எழுதிய நோட்டைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பாட்டின் பெயர் மட்டும்தான். கீழே வெறும் கோடுகள்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு ரெண்டாம் தடவை கேட்டாலே தானா ஒரு லைன் போட்டுக்குவாரு. எழுதணும்னு எனக்குத் தோணவே இல்லை தம்பி."

வேறு வழியில்லாமல் டிராம்போன் நோட்டைப் பார்த்து அதையே வாசித்தேன். தப்பில்லை, சுருதியும் சேர்ந்தது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. மேலே பாட்டு ஓடுகிறது, கீழே டிரம் அடிக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. தூண் இல்லாத திண்ணை மாதிரி. பாட்டு முடிந்ததும் யாரும் பேசவில்லை. சைடு டிரம் வாசிக்கிற பையன்தான், "பெரியப்பா வாசிக்கிறது எங்கண்ணா?" என்று கேட்டான்.

10.12.2024, செவ்வாய்

வேலை முடித்து அம்மாபேட்டைக்குப் போனேன். பெரியம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். பெரியப்பா வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசினார். நான் யூபோனியத்தை வெளியே எடுத்ததும் கையை எடுத்துவிட்டார். முதலில் அவர் பார்த்தது பற்ற வைத்த இடத்தை. விரலால் தடவினார்.

"நீ வச்சதா சாமி?"

"ஆமாங்க பெரியப்பா."

"சணலு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம் இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "இதுவும் நல்லா இருக்குது" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். என்னை முதல் டிரம்பெட்டின் பாட்டை வாயால் பாடச் சொன்னார். நான் பாட, அவர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் முனகினார். பல் இல்லாததால் "த" வரவில்லை, அதனால் முனகல்தான். ஆனால் அது வந்ததும் பாட்டு முழுசாகிவிட்டது. வீட்டுக்குள் இரண்டே பேர், அதிலும் ஒருவர் வாய் திறக்காமல், அங்கே பேண்டு கேட்டது!

மாஸ்டர் அதைக் கவுண்டர் மெலடி என்பார். பெரியப்பாவுக்கு அது பக்கப்பாட்டு. நான் நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டேன், சரிகமவில்தான். எங்கள் வாத்தியங்களின் ஆதார ஸ்ருதி பி-ஃபிளாட், அதாவது ஆறரைக் கட்டை. அதை "ச" என்று வைத்துக்கொண்டால் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுகளில் பாதிக்கு மேல் சங்கராபரணத்திலேயே அடங்கிவிடும். இப்படிச் சங்கராபரணத்தில் மேல்நாட்டு மெட்டை எழுதுவது நம் ஊருக்குப் புதிதில்லை. கிழக்கிந்தியக் கும்பினி ராணுவ பேண்டுகள் வாசித்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதி, அவை நோட்டுஸ்வரம் என்று இன்றும் பாடப்படுகின்றன. அவர் 1835இல் காலமானார். தஞ்சாவூரில் சரபோஜி மன்னரும் அந்தக் காலத்திலேயே மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார்.

எழுத எழுதத்தான் அவர் செய்வது புரிந்தது. டிரம்பெட் ஓடும்போது அவர் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறார். டிரம்பெட் நீட்டிப் பிடித்து நிற்கும் இடத்தில் அவர் நகர்கிறார். டிரம்பெட் இறங்கினால் அவர் ஏறுகிறார், இரண்டும் நடுவில் ஓர் இடத்தில் மூன்றாம் ஸ்வர இடைவெளியில் சந்திக்கின்றன. ஆறு வருஷம் அவருக்கு முன்வரிசையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். என் நீண்ட ஸ்வரங்கள் இனிமையாக இருந்ததற்குக் காரணம் நான் என்று நினைத்திருந்தேன்.

மூன்று பாட்டு முடிந்தது. ஈறு வலிக்கிறது என்று பெரியம்மா நிறுத்திவிட்டார்.

13.12.2024, வெள்ளி

தீபம். மறுபடி மழை. திண்ணையில் ஏற்றிய அகல் எல்லாம் அணைந்து, வீட்டுக்குள் வைத்தோம். விளக்கு வெளிச்சத்தில் நீண்ட ஸ்வரம் மட்டும் பழகினேன், ஒவ்வொன்றும் பன்னிரண்டு எண்ணிக்கை.

15.12.2024, ஞாயிறு

கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டது. நான்கு ரோட்டில் ஆரம்பித்து, சூரமங்கலம் வரைக்கும் மினி லாரியில். பாடகர் குழுவோடு வந்த கீபோர்டு தம்பி, "சி-யில வாசிங்கண்ணா" என்றான். எங்கள் முதல் டிரம்பெட் சி வாசித்தார். தம்பிக்கு ஒரு முழு ஸ்வரம் கீழே கேட்டது. எங்கள் சி அவனுக்கு பி-ஃபிளாட். பி-ஃபிளாட் டிரம்பெட், பி-ஃபிளாட் கிளாரினெட் எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு: அவன் சி கேட்டால் நாங்கள் டி வாசிக்க வேண்டும். கடைசியில் அவன் கீபோர்டின் சுருதியை மாற்றுகிற டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை கீழே அழுத்தினான், அதுதான் எல்லோருக்கும் சுலபம்.

எழுதிய மூன்று பாட்டும் வாசித்தேன். எழுதாத பாட்டுகளில் பழையபடி டிராம்போனோடு சேர்ந்துகொண்டேன். வித்தியாசம் எனக்கே பொறுக்கவில்லை.

நடுவில் ஒரு வீட்டில் எல்லோருக்கும் தட்டுவடை செட் கொடுத்தார்கள். வாசிப்பவர்கள் பீட்ரூட், காரட் துருவலோடு இதைத் தின்றுவிட்டு உடனே ஊதக் கூடாது, வாத்தியத்துக்குள் போகும். எல்லோரும் வாய் கொப்பளிக்கும் வரை மாஸ்டர் லாரியை எடுக்க விடவில்லை.

18.12.2024, புதன்

மூன்று நாளாகத் தினமும் அம்மாபேட்டை. இதுவரை பதினொரு பாட்டு. இன்று கேரலை விட்டுவிட்டு, இறுதி ஊர்வலத்துக்கு வாசிக்கிற பாட்டை அவரே ஆரம்பித்தார். "இதையும் எழுதிக்கோ, அப்புறம் மறந்துடுவேன்." அந்தப் பாட்டில் பக்கப்பாட்டு மிகக் குறைவு. நான்கு ஸ்வரம்தான், அதுவும் மெதுவாக. "இங்க மூச்சு இழுக்கிற சத்தம் கேக்கக் கூடாது. வீட்டுக்காரங்க காதுல அழுகைதான் விழணும்" என்றார்.

மாரியம்மன் ஊர்வலத்துக்கு வாசிப்பது இன்னும் பாக்கி. ஆடிக்கு நாள் இருக்கிறது.

21.12.2024, சனி

ஏற்காடு. வேன் டிரைவர் குப்பனூர் வழியாகவே போகலாம் என்றார். பெரியப்பாவும் வந்தார். குல்லா, மப்ளர், பெரியம்மா கொடுத்துவிட்ட ஃபிளாஸ்க். வாசிக்க இல்லை, சும்மா வருகிறேன் என்றார்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். பறித்து உலர்த்துகிற களத்தைக் கூட்டி விட்டு, அதிலேயே எங்களுக்கு இடம் போட்டிருந்தார்கள். சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். இருட்டியதும் குளிர் இறங்கியது.

சேலத்தில் சுருதி சேர்த்துக்கொண்டு போன வாத்தியம் அத்தனையும் இறங்கியிருந்தது. காற்று குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறையும், அதனால் அதே குழலில் ஸ்வரம் கீழே போகும். குழலுக்குள் இருக்கிற காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். கீபோர்டுக்குக் குளிர் கிடையாது, அது அப்படியே நின்றது. எல்லோரும் டியூனிங் குழலை உள்ளே தள்ளினோம். எனக்கு முழுக்கத் தள்ளியும் பற்றவில்லை. பெரிய குழல், சூடேற நேரம் எடுக்கும். பெரியப்பா பின்னாலிருந்து, "ஊதாதே, மூச்சை விடு" என்றார். சத்தம் வராமல் வெறும் மூச்சை வால்வுகளை மாற்றி மாற்றி அமுக்கி ஐந்து நிமிஷம் விட்டேன். இரண்டு தடவை தண்ணீர் வடித்தேன். கடைசியில் சேர்ந்தது. அதற்குப் பிறகு பாட்டுக்குப் பாட்டு இடைவெளியிலும் வாயை எடுக்கவில்லை, மூச்சு விட்டுக்கொண்டே இருந்தேன்.

பதினொன்றில் எட்டு பாட்டு வாசித்தோம். பழம் பறிக்கும் பெண்கள் குழந்தைகளைப் போர்த்திக்கொண்டு கடைசி வரை நின்றார்கள். மூன்றாவது பாட்டில் டிரம்பெட் நீட்டிப் பிடித்த இடத்தில் நான் நகர்ந்தபோது முதல் டிரம்பெட் அண்ணன் வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். ஆறு வருஷத்தில் அவர் எனக்காகத் திரும்பியது இதுவே முதல் தடவை.

பெரியப்பா எங்களோடு நிற்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். களத்தைத் தாண்டி, கூலி லைன் வீடுகள் வரைக்கும் தனியாக நடந்து போயிருந்தார். கைத்தடியும் டார்ச்சுமாக அவர் திரும்பி வரும்போது நாங்கள் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

"அங்க வரைக்கும் கேக்குது" என்றார். "அஞ்சாவது பாட்டு கடைசி வரியில மட்டும் நீ காணோம். அதுக்கு முன்னாடி எங்க மூச்செடுத்தே?"

சொன்னேன்.

"அங்க எடுக்காதே. அதுக்கு ரெண்டு ஸ்வரம் முன்னாடியே எடுத்துக்கோ, டிரம்பெட் சத்தத்துல அது மறைஞ்சிடும்."

வேன் கிளம்பும் முன் நோட்டை எடுத்து, ஃபோன் வெளிச்சத்தில் பழைய மூச்சுக்குறியை அடித்துவிட்டு, அவர் சொன்ன இடத்தில் புதிதாகப் போட்டேன். சரியான இடம்தானா என்று பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இன்னும் ஒரு ஸ்வரம் முன்னால் தள்ளச் சொன்னார்.