பாதுகாப்பு உதவி எதற்காக?

ஒரு நாட்டின் படைக்கும் காவல் துறைக்கும் மக்களின் பாதுகாப்புக்கும் வெளிநாடுகள் தரும் நிதியும் பயிற்சியும் கருவியும்தான் பாதுகாப்பு உதவி. அந்தப் பெயரைக் கேட்டதும் துப்பாக்கியும் கவச வண்டியும் நினைவுக்கு வருவதால், ஏழை நாடுகளின் வளர்ச்சியில் அக்கறை கொண்ட பலர் அந்தச் சொல்லையே ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்.

1992இல் உள்நாட்டுப் போர் ஓய்ந்தபோது அங்கே வயல்களிலும் சாலையோரங்களிலும் ரயில் தண்டவாளங்களின் அருகிலும் மின்கோபுரங்களைச் சுற்றியும் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. வெளிநாட்டு நிதியில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள், முகக்கவசத்துடன் மண்டியிட்டு, கருவி ஒலித்த இடத்தில் மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொன்றாக அவற்றை வெளியே எடுத்தார்கள். வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழக்கப்பட்ட பெரிய எலிகளும் அந்தப் பணியில் ஈடுபட்டன. 2015 செப்டம்பரில்தான் கண்ணிவெடி இல்லாத நாடாக அது அறிவிக்கப்பட்டது. பின்னர் இதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், சாலைகளையும் ரயில் பாதைகளையும் சந்தைகளையும் மீட்டபோதுதான் பலன் பெருகியது என்றும், அது வெடி எடுக்கப்பட்ட ஊரோடு நின்றுவிடாமல் தொலைவில் உள்ள ஊர்களையும் எட்டியது என்றும் கண்டார்கள். எந்த இடத்தை முதலில் மீட்பது என்பதே வளர்ச்சி பற்றிய முடிவுதான் என்பதை இதிலிருந்து உணர்ந்தேன்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் நடந்தது அன்றாட வாழ்வுக்கு இன்னும் நெருக்கமானது. பெண்கள் மட்டுமே கொண்ட இந்தியக் காவல் அணி 2007இல் ஐ.நா. அமைதிப் படையின் பகுதியாக அதன் தலைநகர் மன்ரோவியாவுக்குச் சென்று, 2016 வரை அணி மாறி மாறி அங்கே பணியாற்றியது. உள்நாட்டுப் போரில் பாலியல் வன்முறையைக் கண்ட நகரத்தில், சீருடை அணிந்த பெண்கள் இரவில் ரோந்து வந்தார்கள். அந்நாட்டுப் பெண்கள் காவல் துறையில் சேர அந்தக் காட்சி ஊக்கம் தந்தது. இரவில் அச்சமின்றி நடக்க முடிந்தால்தான் ஒரு பெண் மாலைச் சந்தையில் கடை போட முடியும்.

எல்லா உதவியும் இப்படி அமைவதில்லை. ஆப்கானிஸ்தானின் படைகளுக்காக அமெரிக்கா 8,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. பட்டியலில் மட்டுமே இருந்த வீரர்களின் பெயரிலும் சம்பளம் போனது. 2021 ஆகஸ்டில் அந்தப் படை சரிந்தது. ஆயுதமும் பயிற்சியும் குறைவு என்று சொல்ல முடியாது. சம்பளம் கைக்கு வரும், உணவு வந்து சேரும், அரசு தன்னைக் கைவிடாது என்ற நம்பிக்கைதான் வீரனிடம் இல்லாமல் போயிற்று.

ஆகவே, உதவி தரும் நாடுகள் எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்று கணக்குக் காட்டுவதில் எனக்கு நிறைவில்லை. அந்த நாடுகள் கிளம்பிய பிறகு காவலரின் சம்பளத்தையும் ரோந்து வண்டியின் எரிபொருளையும் உதவி பெறும் நாட்டின் வரவுசெலவுத் திட்டம் தாங்குமா என்பதை, முதல் ஆண்டிலேயே அந்நாட்டு நிதி அமைச்சகத்துடன் உட்கார்ந்து பேசி எழுதி வைக்க வேண்டும்.