சிவப்பு கவுனும் 36 கட்டங்களும்

ஜூன் 1, 2025, ஞாயிறு

அக்கா இன்று ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே அவள் மூத்த மகள், எங்கள் பெரியவள், சின்ன வயதில் போட்ட கவுன்கள், மொத்தம் ஒன்பது. 25 வருஷமாக ஒன்றையும் எறியாமல் மடித்து வைத்திருக்கிறாள். அந்த மகளுக்கு ஆகஸ்ட் கடைசியில் குழந்தை பிறக்கப்போகிறது. இந்தக் கவுன்களை வெட்டி, குழந்தைக்கு ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். கையாலேயே தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்தச் சிவப்பு கவுன் மட்டும் கண்டிப்பா வரணும்டி" என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

வெட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் துவைத்தேன். பழைய துணி ஏற்கெனவே சுருங்கவேண்டிய அளவு சுருங்கியிருக்கும். ஆனால் அதோடு சேர்த்துத் தைக்க நான் எடுத்திருக்கும் வெள்ளைப் பருத்தி புதுசு. துவைக்காமல் தைத்தால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கி, பக்கத்துத் துண்டுகளை இழுத்துவிடும்.

அப்புறம் சாயம். ஒவ்வொரு கவுனையும் நனைத்து, ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். எட்டு கவுன்களில் ஒன்றுமில்லை. சிவப்பில் மட்டும் வெள்ளைத் துணி ரோஜா நிறமாக வந்தது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஐந்து நாளில் ஆறு முறை தண்ணீர் மாற்றியாகிவிட்டது. சிவப்பு இன்னும் விடுகிறது. குழந்தையின் போர்வை வாரத்துக்கு இரண்டு முறையாவது துவைக்கப்படும். பக்கத்தில் இருப்பதோ முழுக்க வெள்ளை. அதனால் சிவப்பைத் தனியாகக் காயவைத்து எடுத்து வைத்துவிட்டேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்றைய பெரிய வேலை இடம்தான். இதுவரை சாப்பாட்டு மேசையில்தான் தைத்துவந்தேன். வேலையை விரிக்கப் பத்து நிமிஷம், திரும்பச் சுருட்டி வைக்கப் பத்து நிமிஷம். நடுவில் கிடைப்பது கால் மணி நேரம் என்றால் அன்றைக்கு விரிக்கவே மனசு வராது. கையால் தைப்பவர்களுக்கு நேரம் அப்படிக் கால் மணி, கால் மணியாகத்தான் கிடைக்கிறது. அதனால் எனக்கு வேண்டியது பெரிய அறையோ அழகான அலமாரியோ இல்லை. பாதித் தையலில் ஊசியைக் குத்திவிட்டு எழுந்து போனால், மறுநாள் அதே தையலில் வந்து உட்கார ஒரு மூலை போதும்.

சன்னலோரத்தில் கிடந்த படிப்பு மேசையைக் காலி செய்தேன். நான் வலது கைக்காரி என்பதால் சன்னல் இடது பக்கம் வரும்படி திருப்பிப் போட்டேன். வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் நேராகத் தையல் மேலேயே விழும். உட்கார்ந்து தைக்க மேசையின் உயரம் சரி. ஆனால் நின்று வெட்டும்போது குனியவேண்டியிருக்கிறது, இடுப்பு போய்விடும். முழங்கைக்குச் சற்றுக் கீழே பலகை இருந்தால்தான் வெட்ட வசதி. அதனால் இழுப்பறை அலமாரியின் மேல்தட்டை வெட்டுமிடமாக ஆக்கிவிட்டேன். இஸ்திரிப்பெட்டி அதற்குப் பக்கத்தில், ஓர் எட்டில் போய்வரும் தூரத்தில்.

துணிகளை இழுப்பறையில் அடுக்கி வைக்காமல் நிறுத்தி வைத்தேன், புத்தகம் மாதிரி. அடுக்கினால் அடியில் இருப்பது மறந்துபோகும். திறந்த தட்டில் வைக்கலாம்தான், ஆனால் வெயில் படும் மடிப்பு மட்டும் வெளுத்துப் போகும். நூல்கண்டுகளுக்கும் அதேதான், மூடியுள்ள டப்பாவில் போட்டாச்சு. முனை உடைந்த ஊசிகளுக்குத் தனியாக ஒரு சின்னத் தகர டப்பா. துணிக் கத்தரியின் பிடியில் பச்சை ரிப்பன் கட்டினேன். ரிப்பன் கட்டிய கத்தரியை யாரும் காகிதம் வெட்ட எடுக்கக்கூடாது, காகிதம் அதன் முனையை மழுக்கிவிடும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாச்சு.

இவ்வளவுக்கும் மேலாக உதவப்போவது ஒரு தட்டையான ட்ரே என்று நினைக்கிறேன். ஒரு கட்டத்துக்கு வேண்டிய துண்டுகள், ஊசி, நூல், ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் அங்குஸ்தான், குட்டிக் கத்தரி எல்லாம் அதில். மேசையில் உட்கார முடியாத நாளில் ட்ரேயை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஜூன் 14, சனி

வெட்டு முடிந்தது. கணக்கு இது: போர்வை 36 அங்குலச் சதுரம். 6 அங்குலக் கட்டங்கள், வரிசைக்கு ஆறாக மொத்தம் 36. அதில் 18 வெறும் வெள்ளை. மற்ற 18 ஒன்பது சின்னத் துண்டுகள் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் ஐந்து கவுன் துண்டு, நான்கு வெள்ளை. ஆக 90 கவுன் துண்டுகள், 72 வெள்ளைத் துண்டுகள். தைத்தபின் 2 அங்குலம் வரவேண்டும் என்பதால் 2.5 அங்குலமாக வெட்டினேன். தையல் பிடிப்புக்குச் சுற்றிலும் கால் அங்குலம்.

கவுனில் நேராக வெட்டக் கிடைக்கும் இடம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. கைப்பகுதியும் கழுத்தும் உதவாது. பாவாடைப் பகுதியின் சுருக்கங்களைப் பிரித்து, இஸ்திரி போட்டு, நூலிழை போகும் வாக்கிலேயே அளந்து வெட்டவேண்டும். கிராஸாக வெட்டிய துண்டு கையில் பிடிக்கும்போதே இழுபடும், சதுரம் சதுரமாக நிற்காது. ஒரு நீலப் பூக் கவுன் மட்டும் வெளிச்சத்தில் பிடித்தால் கை தெரியுமளவு நைந்திருந்தது. அதன் பின்பக்கம் மெல்லிய ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டபின் வெட்டினேன்.

பெரியவளின் பள்ளி விழா கவுனில் கத்தரி வைக்கும்போது கை நின்றது. அதை அவள் போட்டிருந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நிமிஷம் சும்மா பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வெட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஏழு கட்டங்கள் முடிந்தன. துண்டின் பின்பக்கம் பென்சிலால் கால் அங்குலத்தில் கோடு போட்டு, இரண்டு துண்டையும் முகத்தோடு முகம் வைத்து, கோட்டின்மேல் ஓட்டுத்தையல். நான்கைந்து தையலுக்கு ஒரு பின்தையல், அப்போதுதான் நூல் அறுந்தாலும் முழுவதும் பிரியாது.

அந்தக் கால் அங்குலத்தில் அசட்டையாக இருக்கவே முடியாது. ஒரு தையல் அரைக்கால் அங்குலத்தில் பாதி உள்ளே போனாலும் இரண்டு துண்டிலுமாக அரைக்கால் அங்குலம் குறைகிறது. ஒரு கட்டத்துக்குள் இப்படி இரண்டு தையல். கட்டமே கால் அங்குலம் சின்னதாகிவிடும். பக்கத்தில் வரும் வெள்ளைக் கட்டத்தோடு மூலை சேராது. என் மூன்றாவது கட்டம் அப்படித்தான் வந்தது, பிரித்துத் தைத்தேன்.

நூலை 18 அங்குலத்துக்கு மேல் நான் எடுப்பதில்லை. நீளமாகக் கோர்த்தால் வேலை சீக்கிரம் முடியும் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் துணிக்குள் உரசிப்போய் நடுவிலேயே பிசிறடித்து முடிச்சு விழும். கோர்த்ததும் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்தால் நூல் அடங்கி நிற்கிறது.

ஜூலை 5, சனி

36 கட்டங்களும் சேர்ந்து ஒரே துணியாகிவிட்டது. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு மூலைகள் ஒரு நூல் விலகியிருக்கின்றன. இரவு முழுக்க அது உறுத்தியது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள், தேய்ந்துபோன வேலை உடுப்புகளை வெட்டித் தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைத்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்தவை. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் தொங்கின. அவற்றின் படங்களைப் பார்த்தால் கோடுகள் வளைந்து போகும், பட்டைகள் ஒரே அகலத்தில் இருக்காது, கால்சட்டைப் பையைப் பிரித்தெடுத்த இடம்கூட வெளுப்புக்கு நடுவே கருநீலமாகத் தெரியும். வங்கத்துக் காந்தாவும் இதே குடும்பம்தான்: பழைய சேலைகளை அடுக்கி, அதே சேலையின் கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத்தையல் போட்டது. இதையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தபின், விலகிய அந்த இரண்டு மூலைகளை அப்படியே விட்டுவிட முடிவு செய்தேன். தையல் பலமாக இருக்கிறது, அது போதும்.

ஜூலை 13, ஞாயிறு

மூன்று அடுக்கையும் சேர்த்தேன். கீழே பின்துணி, நடுவில் பருத்திப் பஞ்சு விரிப்பு, மேலே நம் கட்டத்துணி. கீழ் இரண்டும் நான்கு பக்கமும் 2 அங்குலம் பெரிதாக இருக்கவேண்டும், தைக்கத் தைக்க அவை உள்ளே இழுபடும். அடுக்குகள் நகராமலிருக்க, நடுவிலிருந்து வெளியே நோக்கி நீள நீளமாகத் தற்காலிகமாக நூலோட்டினேன். முழங்கால் வலிக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

ஜூலை 16, புதன்

மூன்று அடுக்கையும் பிடிக்க இரண்டு நாள் சாயங்காலம் போட்ட தையலை இன்று பிரித்தேன். திருப்பிப் பார்த்தால் பின்துணியில் நடுவில் இரண்டு சுருக்கம், தையலுக்குள் சிக்கி மடிந்து கிடந்தது. காரணம் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை பின்துணியைத் தரையில் விரித்துக் கையால் தடவிவிட்டதோடு சரி. நான்கு பக்கமும் டேப் ஒட்டி நிறுத்தவில்லை. மேலே பஞ்சு விரிக்கும்போது அடியில் அது நகர்ந்திருக்கிறது.

நூலோட்டத்தையும் பிரித்தேன். பின்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்து, முதலில் எதிரெதிர் பக்கங்களின் நடுவில், பிறகு மூலைகளை நோக்கி டேப் ஒட்டினேன். தொய்வு இருக்கக்கூடாது, அதே சமயம் இழுத்தும் ஒட்டக்கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி முன்துணியைக் கொப்பளிக்க வைக்கும். இந்த முறை 4 அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். இரவு பத்தரை ஆகிவிட்டது.

ஜூலை 30, புதன்

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதில் பாதிக்கு மேல் வந்துவிட்டேன். துண்டுகள் சேர்ந்த கட்டங்களில் மூலைக்கு மூலை சாய்கோடு. வெள்ளைக் கட்டங்களில் ஒரு மூடியை வைத்து வரைந்த வட்டம். கோடு போட சோப்புச் சில்லும், சோப்பு தெரியாத வெள்ளையில் தண்ணீரில் அழியும் நீலப் பேனாவும். அந்தப் பேனாக் கோட்டின்மேல் இஸ்திரி படவே கூடாது, சூட்டில் மை துணியில் நிரந்தரமாகப் பிடித்துவிடும்.

ஊசி 9ஆம் எண், பிட்வீன்ஸ் என்கிற குட்டை ஊசி. எண் கூடக் கூட ஊசி சின்னதாகும். நடுவிரலில் அங்குஸ்தான். ஊசியை நேராகக் குத்தி, அடியில் இருக்கும் விரல்நுனியில் முனை லேசாகத் தட்டுப்பட்டதும் சாய்த்து மேலே கொண்டுவரவேண்டும். குத்து, சாய், குத்து, சாய் என்று மூன்று நான்கு தையல் ஊசியில் ஏறியபின் ஒரே இழுப்பு. முடிச்சைச் சுண்டி இழுத்தால் அது துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் உட்காரும். லேசாக 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கைதேர்ந்தவர்கள் அங்குலத்துக்குப் பத்துத் தையல் போடுவார்கள். எனக்கு ஆறு வருகிறது. சிறிதாகப் போட முயன்றால் தாறுமாறாகிறது. ஆறே சீராக வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த மூன்று வாரத்தில் தைக்காத நாள் இரண்டுதான். பெரும்பாலும் இருபது நிமிஷம், சில நாள் பத்து. மேசைமேல் விரித்தபடியே கிடப்பதால்தான் இது நடக்கிறது. போகிற போக்கில் உட்கார்ந்து ஒரு வட்டம் முடிக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஓரப்பட்டை. சுற்றளவு 144 அங்குலம், மூலைக்கும் முடிவுக்கும் இன்னொரு பத்து. 40 அங்குலப் பட்டை நான்கு என்றால் 160 ஆயிற்றே, போதும் என்று நினைத்தேன். பட்டைகளைச் சாய்வாக இணைக்கும் ஒவ்வொரு இடத்திலும் 2.5 அங்குலம் போகிறது; மூன்று இணைப்பில் ஏழரை. மிஞ்சுவது 152.5. நல்லவேளை தைக்கும் முன் அளந்தேன், ஐந்தாவது பட்டையும் வெட்டியாச்சு.

மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் தையலை நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்து, பிறகு கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்கினால் மூலை தானாகச் சாய்மடிப்பாக விழுகிறது. பின்பக்கம் முழுக்க எம்மிங்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்தேன்: "அம்மா போட்ட எட்டு கவுன்களிலிருந்து. தைத்தது அம்மாவின் சித்தி. 2025." அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் அலசினேன். நீலக் கோடெல்லாம் போய், பஞ்சு சுருங்கி, தையலுக்கு நடுவில் எல்லாம் மெத்தென்று எழும்பிவிட்டது. தொங்கவிடாமல் விரித்துப் போட்டுத்தான் காயவைத்தேன். ஈரத்தின் கனம் தையலை இழுக்கும்.

ஆகஸ்ட் 16, சனி

கொடுத்துவிட்டேன். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை போடவேண்டாம், தரையில் விரித்துக் குப்புறப் படுத்து விளையாட மட்டும் வை என்று பெரியவளிடம் முதலிலேயே சொன்னேன். பொத்தான் எதுவும் தைக்காததும் அதற்காகத்தான், வாயில் போட்டுக்கொள்ளும்.

அவள் ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்தாள். "இது நான் கீழே விழுந்து முட்டியை உடைச்சுக்கிட்ட அன்னிக்குப் போட்டது சித்தி" என்று நீலப் பூவைக் காட்டினாள். அக்கா எதுவும் பேசாமல் ஒரு வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். சாயம் விட்ட கதையைச் சொன்னேன். "பரவாயில்லடி, குழந்தைக்குத்தானே" என்றாள், ஆனால் முகம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து மேசையைத் துடைத்தேன். இத்தனை வாரம் மூடிக் கிடந்த பலகை இப்போதுதான் கண்ணில் பட்டது. சிவப்பு கவுனை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். ஊசி குத்திவைக்கும் உறை ஒன்றுக்குத் துவைக்கவேண்டிய அவசியமே இல்லை. வெளியே சிவப்பு, உள்ளே ஊசி குத்த இரண்டு கம்பளித் துண்டு, மூட அந்தக் கவுனின் பொத்தான் ஒன்று. அக்காவும் தைப்பவள்தான், ஊசிகளைக் காகிதத்தில் சுருட்டி வைத்திருக்கிறாள்.

8 அங்குலத்துக்கு 5 அங்குலம், வெட்டியாச்சு. முதல் பக்கம் பாதி தைத்து ஊசியைக் குத்திவிட்டு வந்திருக்கிறேன்.