ஹீலியோஸுக்கு ஏற்ற பாடி எது?

ஹீலியோஸ் என்ற பழைய, கையால் ஃபோகஸ் வைக்கும் லென்ஸை மாட்டி, ஜன்னலோரம் ஆச்சியை உட்கார வைத்து 40 படம் எடுத்தேன். கண் கூர்மையாக விழுந்தது 9 படத்தில்தான். லென்ஸை முழுக்கத் திறந்து எஃப் 2, 1/30 வினாடி, சாயங்கால வெளிச்சம். மற்ற படங்களில் பாதிக்கு மேல் மூக்குக்கண்ணாடியின் கறுப்பு விளிம்பு பளிச்சென்று இருக்கிறது, அதற்கு ஒரு விரற்கடை பின்னால் கண் கலங்கிப் போயிருக்கிறது. மிச்சத்தில் கை ஆட்டம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பாடியை, அதாவது லென்ஸ் மாட்டும் கேமராவை, மாற்றியாக வேண்டும்.

என் சோனி ஏ6000 2014-இல் வந்த மாடல். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்கென்று செய்த கேமராவில், எம்42 என்ற பழைய திருகு லென்ஸ்களுக்கான அடாப்டர் போட்டு ஹீலியோஸ் 44-2 மாட்டிக்கொண்டு அலைகிறவன் நான்.

சிக்கல் முழுக்க ஃபோகஸ் வைக்கிற அந்த ஒரு இடத்தில்தான். பீக்கிங்கை, அதாவது ஃபோகஸில் இருக்கும் விளிம்புகளை நிறம் பூசிக் காட்டும் வசதியை, நம்ப முடியாது. எந்த விளிம்பில் கான்ட்ராஸ்ட் அதிகமோ அங்கேதான் சிவப்பு பூசும், இமை முடியை விட மூக்குக்கண்ணாடி விளிம்புதான் எப்போதும் ஜெயிக்கும். அதனால் பெரிதாக்கிப் பார்த்தே ஆக வேண்டும். பெரிதாக்கினால் சென்சாரில் கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் இல்லாததால் வ்யூஃபைண்டரில் முகமே நடுங்குகிறது. நடுக்கத்துக்கு நடுவே வளையத்தைத் திருப்பிக் கண்ணைப் பிடிப்பதற்குள் ஆச்சி "இன்னும் முடியலையாய்யா?" என்று தலையைத் திருப்பிவிடுவாள். மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. ஹீலியோஸின் அழகே ஓரங்களில் சுழலும் பின்னணிதான். என் கேமராவில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு, பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவான ஃபுல் ஃப்ரேமில் பாதி கூடக் கிடையாது, சுழல் முக்கால்வாசி வெளியே போய்விடும். இத்தனை வருஷமும் லென்ஸின் நடுப்பகுதியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதனால் அதே சென்சார் அளவுள்ள ஏ6700 எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் பட்டியலில் சேர்க்கவில்லை. ஃபுல் ஃப்ரேமான ஏ7சி 509 கிராம்தான், பைக்குள் அடங்கும், ஆனால் வ்யூஃபைண்டர் 0.59 மடங்கு. என் வேலைக்கு அது சின்னது.

மிஞ்சியவை இரண்டு: செகண்ட் ஹேண்டில் சோனி ஏ7 மார்க் 3, புதிதாக நிக்கான் இசட் எஃப். இரண்டையும் ஒரு சனி, ஞாயிறு வாடகைக்கு எடுத்தேன். அதே ஜன்னல், அதே ஆச்சி, அதே 40 படம். ஃபுல் ஃப்ரேமில் அதே அளவு முகம் வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும், கிட்டே போனால் ஃபோகஸின் ஆழம் இன்னும் குறையும். அப்படியிருந்தும் ஏ7 மார்க் 3-இல் 22 தேறியது. பெரிதாக்கினாலும் முகம் நிலையாக நிற்கிறது, அதுவே பாதி வேலை. ஆனால் ஸ்டெபிலைசேஷன் சரியாக வேலை செய்ய லென்ஸின் குவியத் தூரத்தை மெனுவில் நாமே கொடுக்க வேண்டும். 135 மி.மீ. லென்ஸை மாட்டிவிட்டு எண்ணை மாற்ற மறந்ததில் ஒரு வரிசைப் படம் முழுக்கப் பாழ்.

இசட் எஃப்-இல் 33! மேனுவல் லென்ஸ் மாட்டியிருக்கும்போதே கண்ணைக் கண்டுபிடித்துக் கட்டம் போடுகிறது. பெரிதாக்கும் பட்டனை அழுத்தினால் நேரே அந்தக் கண்ணுக்கே போகிறது. பழைய லென்ஸ்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 20 லென்ஸ்களின் விவரத்தையும் சேமித்து வைக்கலாம். எடை 710 கிராம், பிடிமானத்துக்கு முன்புறம் மேடு இல்லாததால் அரை மணியில் விரல் வலித்தது. தனியாக கிரிப் வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அடாப்டர் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எம்42-வின் ஃபிளாஞ்ச் தூரம் (லென்ஸ் பூட்டும் முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள இடைவெளி) 45.46 மி.மீ., இசட் மவுண்டுக்கு 16. அடாப்டர் சரியாக 29.46 மி.மீ. இருக்க வேண்டும். முன்பு சோனிக்கு வாங்கிய மலிவு அடாப்டர் ஒன்று கொஞ்சம் தடிமனாக இருந்து, தூரத்து மலை கடைசி வரை ஃபோகஸுக்கு வரவே இல்லை. இந்த முறை கேலிப்பரோடுதான் கடைக்குப் போவேன்.

இசட் எஃப்-க்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பாக்கிப் பணத்துக்கு ஏ6000-ஐயும் கிட் லென்ஸையும் விற்க வேண்டும், இன்னும் விளம்பரம் கூடப் போடவில்லை. அதற்குள் அலமாரியில் இருக்கும் ஜூபிடர்-9 என்ற இன்னொரு பழைய லென்ஸைக் கழற்றி மேஜையில் பரப்பிவிட்டேன். உள்ளே கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கிறது. ஃபோகஸுக்காகத் திரும்பும் திருகுக்குழாயான ஹெலிகாய்டைப் பிரிக்கும் முன் மறையில் பென்சிலால் கோடு போட்டுவைத்திருக்கிறேன்.